சிம்னி இருக்கும் பக்கம் தெற்கு

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது இது. அப்போது நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு. குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மாதப் பாடம் வரைபடம்: திசை, அளவுகோல், குறியீடு. காலைச் சூரியனைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு என்று புத்தகத்தில் இருக்கும். அதோடு நான் சொந்தமாக ஒரு சுலப வழியும் சொல்லிக்கொடுப்பேன். "மேகமூட்டமா இருந்தா கவலைப்படாதீங்க. அனல் மின் நிலையத்துச் சிம்னி எந்தப் பக்கம் தெரியுதோ, அதுதான் தெற்கு." நகரியத்தில் எந்த பிளாக்கில் நின்று பார்த்தாலும் இது சரியாக வரும். எட்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டை நடுவில் வைத்துச் சுற்றுப்புறத்தை வரைந்து வரச் சொன்னேன். வடக்கு மேலே இருக்க வேண்டும், சிம்னியைக் கட்டாயம் குறிக்க வேண்டும். முதல் இரண்டு இடம் பெறுகிறவர்கள் பள்ளிகளுக்கிடையிலான வரைபடப் போட்டிக்குப் போவார்கள். திங்கட்கிழமை மதியத்துக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு தாள்களைத் திருத்தினேன். நாற்பதில் சிம்னி கீழே இருந்தது. ஒன்றில் மட்டும் மேலே, தலைக்கு மேல் நிற்பதுபோல. அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்த மாணவி அவள். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறார். வகுப்பிலேயே சுத்தமான தாள் அவளுடையதுதான். தெருவைக் காலடியால் அளந்து அளவுகோல் போட்டிருந்தாள். ஆனாலும் திசை தவறு என்று இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அவள் மூன்றாம் இடத்துக்கு இறங்கினாள்.

அன்றே தாள்களைக் கொடுத்தபோது எல்லோரும் அவளுடையதை எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் இடம் வந்த பையன், "மேப்புக்கே சிரசாசனம் கத்துக் குடுத்துட்டா சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் அழவில்லை. எழுந்து நின்று, "சார், புத்தகத்துல இருக்கிற மாதிரிதான் பாத்தேன். எங்க வூட்டு மாடியில நின்னா சூரியனுக்கு இடது கைப் பக்கம்தான் சார் சிம்னி இருக்குது. வேணும்னா நீங்களே வந்து பாருங்க" என்றாள்.

ஒரு விஷயத்தைச் சந்தேகத்தோடு விட்டுவைப்பது என் வழக்கமில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, பள்ளியின் திசைகாட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். அவள் தவறை அவளுக்கே காட்டிவிட்டு வருவதுதான் என் திட்டம்.

மந்தாரக்குப்பத்தில் சிறிய வாடகை வீடு. நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா, கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க சார், தப்பு ஏதாவது பண்ணிட்டாளா?" என்று பதறினார். விஷயத்தைச் சொன்னேன். அவள், அப்பா, அம்மா, நான் என்று நால்வருமாக மாடி ஏறினோம்.

திசைகாட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன். முள் ஆடி நின்றது. அது காட்டிய வடக்கில் சிம்னிகள் வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தன.

சுவருக்குள் இருக்கும் கம்பி முள்ளை இழுக்கிறது என்று நினைத்து, மாடியின் நடுவுக்குப் போனேன். அதே வடக்கு. தண்ணீர்த் தொட்டிப் பக்கம், துணிக்கொடிப் பக்கம், படிக்கட்டுப் பக்கம் என்று கையில் ஏந்திக்கொண்டு ஒரு வட்டமே அடித்துவிட்டேன். கீழே தெருவில் இரண்டு பெண்கள் நின்று என்னைப் பார்த்தார்கள்.

அவளுடைய அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "முள்ளு நல்லாத்தான் நிக்குதுங்க சார். நீங்கதான் சுத்திகினே இருக்கீங்க" என்றார்.

"ஏய், சாரைப் போயி..." என்று அப்பா அதட்ட ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

மந்தாரக்குப்பம் மின் நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நகரியத்திலிருந்து பார்த்தால் சிம்னி தெற்கே இருக்கும் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அவள் தாளின் மேல் மூலையில் 'மந்தாரக்குப்பம்' என்று எழுதியிருந்ததையும் படித்துவிட்டுத்தான் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்: "சார், இத கிளாஸ்ல சொல்லுவீங்களா?"

போட்டியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் வேறு எதையும் தொடங்காமல், மாடியில் நான் வட்டம் அடித்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். 'சிம்னி இருக்கும் பக்கம் தெற்கு' என்று கரும்பலகையில் எழுதி, குறுக்கே கோடு போட்டேன். அவள் தாளுக்கு முழு மதிப்பெண் போட்டு, முதலிடம் அவளுக்கு என்றேன். தன் இடம் போனதைப் புரிந்துகொண்ட அந்தப் பையன் தலையில் கைவைத்து, "அப்ப சிரசாசனம் நான்தான் சார் போடணும்" என்றான். இந்த முறை அவளும் சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்கத் திசைகாட்டி வீடு வீடாகப் போய்வந்தது. யார் வீட்டிலிருந்து சிம்னி எந்தத் திசையில் தெரிகிறது என்று குறித்து வந்தார்கள். பெரிய அட்டையில் ஊரை வரைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஊசி குத்தி, அந்தத் திசையில் நூல் இழுத்தோம். பிளாக்குகளின் நூல்கள் மேலிருந்து இறங்கின. முத்தாண்டிக்குப்பத்து நூல் சாய்வாக வந்தது. மந்தாரக்குப்பத்து நூல் ஒன்றே ஒன்று, கீழிருந்து மேலே ஏறியது. அதை அவளே இழுத்துக் கட்டினாள். எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தபோது எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதற்காக அவள் வருந்தியதாகவும் தெரியவில்லை. மாறியது நான்தான். நான் எதிர்பார்க்காத விடையை ஒரு பிள்ளை எழுதியிருந்தால், தவறு என்று போடும் முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்டுவிடுகிறேன்.