குத்துக்கல்லுக்கு நான் போட்ட கூரை

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று கப்பலூரில் சொந்த லேத் பட்டறை வைத்திருக்கிறேன். யாரும் கைதூக்கிவிட்டு வந்த ஆள் இல்லை. அப்படிப்பட்ட நானே, ஆடு மேய்க்கும் என் மச்சானைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் எல்லையில் இரண்டு ஆள் உயரக் குத்துக்கல் ஒன்று உண்டு. எதிரே கூரையில்லாமல் இடிந்து கிடக்கும் பழைய சர்ச். ஆடிப் படையலன்று அந்த இரண்டின் கதையையும் சொல்கிறவருக்குத்தான் முதல் மாலை. கதை முடியாமல் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. சொல்வது என் மனைவியின் அண்ணன், இந்த மச்சான்தான். காலேஜ் பிள்ளைகள் கதையைப் பதிவு செய்ய வந்தாலும் செல்போனை அவர் முகத்துக்குத்தான் நீட்டுவார்கள். கல்லைச் சுற்றியிருக்கும் நிலம் முழுக்க என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

போன வருஷம் அந்த மாலையை எப்படியும் வாங்கிவிடுவது என்று இறங்கினேன். கல்லுக்கே நிழல் கொடுத்தவனை விட்டுவிட்டு வேறு யாருக்குப் போடுவார்கள் என்று கணக்கு. குழாய் நட்டு, கல்லுக்கு மேலே நீலத் தகரக் கூரை போட்டேன். குழாய்க்கு நானே நின்று வெல்டிங் வைத்து, தகரத்தை போல்ட் போட்டு முறுக்கினேன்.

படையலன்று மச்சான் கதையை ஆரம்பித்தார். மழை பொய்த்த வருஷம் சர்ச் கட்டிய சாமியார் கல்லிடம் வந்து, "நீ வெயில்ல நிக்கிற மட்டும் எனக்கும் கூரை வேணாம்" என்றாராம். அத்தோடு நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். ஊரே அண்ணாந்தது.

"மாப்ள, இதுக்குக் கீழ நின்னு மிச்சத்தை எப்படிச் சொல்றது?"

"வருசா வருசம் கேட்ட கதைதானண்ணே! மறந்துபோச்சா?" என்று கூட்டத்தில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கேட்டேன்தான். கேட்கும்போதெல்லாம் என் கண் மாலை மேலேயே இருந்தது.

"பசிக்குதுப்பா, வெரசாக் கழட்டு!" என்றார்கள். ஸ்பேனரோடு ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு தகரமாக இறக்கினேன். வெயில் கல்லில் விழுந்ததும் மச்சான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சாமியார் தன் சர்ச் கூரை ஓடுகளைத் தானே பிரித்ததையும், கடைசி ஓடு இறங்கும்போது முதல் தூறல் விழுந்ததையும் ஏணியில் நின்றபடியே கேட்டேன். கையில் ஸ்பேனர் அப்படியே நின்றுவிட்டது.

மாலை அவர் கழுத்துக்கே போனது. போகட்டும். ஆனால் அந்த மனுசன் அம்புட்டு நன்றாகச் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.