பில்ரே அத்தை வண்டியின் நீலக் கயிறுகள்

பில்ரே அத்தையைப் பற்றி இப்போதே எழுதியாக வேண்டும். கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை, பரவாயில்லை.

எங்கள் வளைகுடாவில் ஓதம் வற்றினால் கடல் இருந்த இடமெல்லாம் சேற்றுவெளி. மட்டி எடுக்கும் திட்டு வெகு தூரம். ஊரே நாலு சக்கர பைக்கில்தான் போகும். மற்றவர்களுக்கு அது வண்டி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பில்ரே அத்தைக்கு அதுதான் கால். மீனவர் சங்கம் திட்டைத் திறக்கும் நாளில் வீட்டுக்கு ஒருவர் சேற்றில் இறங்க வேண்டும். இறங்காத வீட்டுக்குப் பங்கு கிடையாது.

அத்தை மலையூர்க்காரர். கல்யாணமாகி வந்த அன்றுதான் கடலையே பார்த்தாராம். முதல் தடவை சேற்றில் இறங்கி, ஒரு பூட்ஸைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றைக்காலில் கரையேறியவர். கணவர் போன பிறகும் ஒரு திறப்பைக்கூட விட்டதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன வருடம் நான் தேஜோன் நகரத்திலிருந்து சிப்பி உடைக்கும் கொட்டகை வேலைக்கு வந்தபோது, இஞ்சின் என்றால் உயிர் என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். யாரும் வண்டியைத் தொட விடவில்லை. அத்தை மட்டும் சாவியைத் தூக்கிப் போட்டார்.

"ஓட்டு. கவுத்தின்னா உன்னையும் மட்டியோட சேத்து வேகவெச்சிருவேன்."

அந்தச் சாவிக்காக நான் அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

வண்டி பழசு. விலை மலிவான சீன வண்டி, அத்தை கைக்கு வரும்போதே இரண்டு கை மாறியிருந்தது. இந்த வசந்தத்தில் அது படுத்துவிட்டது. ஒருநாள் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் பிணம் மாதிரி கிடக்கும். சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். முன்பு வைத்திருந்தவர் உப்புத்தண்ணீர் படக்கூடாது என்று வயர் முழுக்க டேப் சுற்றியிருந்தார். உள்ளே புகுந்த உப்பு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே குடித்தனம் நடத்தியிருந்தது. டேப்பைப் பிரித்தால் செம்புக் கம்பிக்குப் பதில் பச்சை மாவு உதிர்ந்தது.

"ஒட்டுப் போட முடியாது அத்தை. மொத்த வயரிங்கையும் மாத்தணும்."

அவர் பிரித்த டேப்பைக் கையில் சுருட்டினார். பிறகு, "தேகூன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்டி. அடுத்த திறப்புக்கு இது ஓடலேன்னா சங்கத்துல பேரை எடுத்துட்டு இன்சோனுக்கு வந்துடறேன்னு. லாரி பேசி வெச்சிருக்கான்" என்றார்.

தேகூன் அவர் மகன், இன்சோன் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறார். நல்ல மனிதர், அம்மா தனியாகச் சேற்றில் இறங்குகிறாளே என்று பயம். அத்தை வாக்கு மீறுகிற ஆளில்லை. அன்றே புது வயரிங்குக்கு ஆர்டர் போட்டேன்.

புது வயரிங் செட் பார்சலில் வந்து சேர்ந்தபோது திறப்புக்கு முந்தைய நாள். பிரித்தால் தலை சுற்றியது. பழையதில் சிவப்பு இருந்த இடத்தில் புதியதில் பச்சை. பாதி பிளக்குகள் ஒரே அச்சு, எதை எதில் செருகினாலும் உட்காரும். கூட வந்த வரைபடம் வேறு ஏதோ வண்டிக்கானது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அத்தை கொட்டகைக்குள் போய் ஒரு கொத்து நைலான் கயிறு கொண்டுவந்தார். சிப்பிப் பாத்தியில் தங்கள் வரிசை எது என்று தெரிய வீட்டுக்கொரு நிறக் கயிறு கட்டுவார்களே, அந்தத் துண்டுகள்.

"நிறம் மாறினா என்ன? ஆளு மாறலையே. ஒவ்வொண்ணும் என்ன வேலை பாக்குதுன்னு சொல்லு, யார் வீடுன்னு நான் சொல்றேன்."

"இது ஸ்டார்ட்டர் அத்தை. மொதல்ல முழிக்கிறது."

"அப்போ மஞ்ச. கொட்டாய்க்குப் பக்கத்து வீட்டுக் கெழவன். கோழிக்கு முன்னாடி எந்திரிச்சு இருமுவான்."

"இது சார்ஜ் ஏத்துறது. எல்லாத்துக்கும் சோறு போடுறது."

"சிவப்பு. நான்தான், வேற யாரு?"

ஹாரன் பிளக்குக்கு நீலம். அது சங்கத் தலைவர் கிதேக் வீடு, ஒலிபெருக்கியில் கத்தியே ஊரை எழுப்புகிறவர். பழைய வயரிங்கைக் கழற்றக் கழற்ற, அதன் பிளக்கிலும் வண்டிப் பக்கத்துப் பிளக்கிலும் ஒரே நிறக் கயிறு கட்டினோம். பிறகு பழையதையும் புதியதையும் பாயில் அக்கம்பக்கம் கிடத்தி, கிளைக்குக் கிளை பார்த்துக் கயிற்றைப் புதியதற்கு மாற்றினோம். ஊர் மொத்தமும் பாயில் படுத்திருந்தது. நடுவில் சிப்பி போட்ட நூடுல்ஸை ஒரு கிண்ணம் ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தார். சாயங்காலம் ஓடும் என்று தெம்பாக இருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது! இந்த வண்டியில் பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். அத்தை ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

பாஆஆஆங்.

ஹாரன். இஞ்சின் அசையவே இல்லை. மறுபடி மிதித்தார், மறுபடி அலறியது. சிப்பி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே போட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. எல்லாம் நிறத்துக்கு நிறம் சரியாகத்தானே செருகினேன்!

அத்தை குனிந்து பார்த்தார். "அடியே ஹாதாம், நீலமும் நீலமும் ஒண்ணுன்னு போட்டியா?"

"நீலம்தானே ரெண்டும்?"

"முடிச்சைப் பாக்கலையா நீ? முடிச்சுப் போட்ட நீலம் தலைவரோட தம்பி வீடு! போன வருஷம் பாகம் பிரிஞ்சாங்கல்ல? பிரிஞ்சு போற தம்பி அதே நிறத்துல ஒரு முடிச்சுப் போட்டுக்குவான். எதுக்கெடுத்தாலும் வேண்டாம் வேண்டாம்னு நிறுத்துறவன் அவன்தான், அதான் பிரேக்குக்கு அவனைக் கட்டினேன். பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியுமேடி!"

எனக்குத் தெரியாது. பிரேக்கையும் ஹாரனையும் மாற்றிச் செருகியிருந்தேன்.

அதற்குள் தலைவரே சத்தம் கேட்டு வந்துவிட்டார். "என்ன பில்ரே, ஊரைக் கூட்டுறே?"

"ஒண்ணுமில்ல. உன் தம்பியை மிதிச்சேன், நீ கத்தினே."

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்ததிலிருந்து பேசுவதில்லை. தலைவர் முகத்தை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. "அவனை மிதிச்சா நான் ஏன் கத்தப்போறேன்? சிரிக்கல்ல செய்வேன்!"

"அப்போ உனக்கும் வயரிங் மாத்தணும். ஹாதாமைக் கேளு."

அவர்கள் கூத்தடித்துக்கொண்டிருக்க, நான் குனிந்தேன். இரண்டு பிளக்கையும் மாற்றினேன். அத்தை மிதித்தார். ஸ்டார்ட்டர் சுற்றியது, இஞ்சின் ஒருமுறை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்! அத்தை டேங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பெட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டேன்டி" என்றார். அவ்வளவுதான். நான்தான் ஓவென்று அழுதேன். கொட்டகைப் பெண்கள் இன்னும் கிண்டலை நிறுத்தவில்லை.

மறுநாள் தலைவர் ஒலிபெருக்கியில் திறப்பை அறிவித்ததும் முதலில் கிளம்பியது எங்கள் வண்டி. நான் பின்னால் உட்கார்ந்து அத்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "இறுக்காதடி, நான் ஓடியா போகப்போறேன்?"

திட்டில் பாதி மூட்டை நிரம்பியபோது தேகூன் அழைத்தார். அத்தையின் கை முழுக்கச் சேறு, நான்தான் போனை அவர் காதருகே பிடித்தேன்.

"அம்மா, லாரிக்காரன் கேக்குறான். என்ன சொல்ல?"

"சேத்துல இருக்கேன்டா."

"எங்க?"

"சேத்துல. வண்டி ஓடுது. தண்ணி ஏறுறதுக்குள்ள மூட்டை ரொம்பணும். லாரிக்காரனை வேற பொழப்புப் பாக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. நான் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"தனியாவா இருக்கே?"

"இல்லடா. பக்கத்துல ஒருத்தி வேலை செய்யாம போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா."

அவர் சிரித்துவிட்டார். "சரிம்மா. எனக்கும் ஒரு பை மட்டி அனுப்பு." அத்தை தலையாட்டினார், அது போனில் தெரியாது என்ற நினைப்பே இல்லாமல். நான்தான் "அனுப்புறோம்ணே" என்று சொல்லி வைத்தேன்.

அத்தை அதற்குள் மறுபடி சேற்றைக் கிளற ஆரம்பித்திருந்தார்.