இயேசு பாலனின் காதில் களிமண்

சென்ற ஆண்டு ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் என் மகன் லூர்து எங்களிடம் எதையுமே கேட்கவில்லை. பொம்மை, மிட்டாயை மட்டும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை. வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் எழுந்து போய்விடுவான். ஆண்டவர் அவன் வாயைத் திறந்த விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முழுக்கச் சந்தோஷமான சாட்சி என்று நினைத்து யாரும் படிக்க வேண்டாம். நாங்கள் கேட்டுக் கிடைத்ததும் உண்டு, கேட்டுக் கிடைக்காமல் போனதும் உண்டு. இரண்டையும் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

என் பெயர் ஜோஸ்பின். வில்லியனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் சகாயராஜுக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஊரில் எங்களோடு சேர்த்து நாலைந்து கிறிஸ்தவ வீடுகள்தான். அதனால் கிறிஸ்துமஸ் வந்தால் இயேசு பிறந்த தொழுவம்போல் எங்கள் வீட்டில் கட்டுகிற குடிலைப் பார்க்கத் தெருவே வரும். எதிர்வீட்டு அஞ்சலை அக்கா தன் வயலிலிருந்து ஒரு கூடை மண்ணும் கொஞ்சம் விதைநெல்லும் கொண்டுவந்து கொடுப்பார். டிசம்பர் பிறந்ததும் தட்டுகளில் விதைத்துவிட்டால் பண்டிகைக்குள் குடிலைச் சுற்றி வைக்கிற அளவுக்குப் பச்சையாக வளர்ந்துவிடும்.

குடிலில் இயேசு பாலன் சொரூபத்தை மட்டும் கடைசியாகத்தான் வைப்போம். இருபத்து நாலாம் தேதி சாயங்காலம், பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால். வீட்டில் யார் சின்னவரோ அவர் கையால் வைக்க வேண்டும். இது என் மாமனார் வீட்டு வழக்கம். இதோடு நான் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். மூன்று வயதில் லூர்து ஒரு இடத்தில் நிற்க மாட்டான். சொரூபத்தை உடைத்துத் தொலைக்கப் போகிறானே என்று, "அவரு காதுல ஒண்ணு கேளுடா. மெதுவா கேளு. யாருக்கும் சொல்லக்கூடாது. நீ கேட்டத அவரு குடுப்பாரு" என்றேன். அவனும் இரண்டு கையாலும் சொரூபத்தைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்று காதில் ஓதினான். என்னைப் போல் சாமர்த்தியக்காரி உண்டா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு வயதில் சிவப்பு சைக்கிள் கேட்டான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். அவன் அப்பா சீரியல் லைட்டைச் சரிசெய்வதுபோல் பின்னால் குனிந்து நின்று ஒட்டுக்கேட்டார். பொங்கல் கழித்துத்தான் சைக்கிள் வாங்க முடிந்தது. தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு, "இயேசு பாலன் குடுத்தாரு" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவன் நம்பிக்கையை நாங்களே ஒட்டுக்கேட்டு வளர்த்தோம் என்று அப்போது தோன்றவில்லை.

சைக்கிள் வாங்கிய அந்த ஆண்டே அக்டோபரில் செசிலி பிறந்தாள். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. எடை ஏறட்டும், ஒரு வயதுக்கு மேல் ஆபரேஷன் பண்ணலாம் என்றார்கள். பால் குடிக்கவே அவளுக்கு மூச்சு வாங்கும். அழுதுகொண்டே இருப்பாள். தோளில் போட்டு நடந்தால்தான் தூங்குவாள். அசதியில் உட்கார்ந்துவிட்டால் உடனே விழித்துக்கொள்வாள். லூர்து அதுவரைக்கும் என் பக்கத்தில் படுத்த பிள்ளை. அவனை அப்பாவிடம் தள்ளினேன். அம்மா என்று கிட்டே வந்தால், "போடா, பாப்பா தூங்குது" என்பேன். எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே இப்போது பயமாக இருக்கிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் செசிலி இரண்டரை மாதக் குழந்தை. சின்னவள் அவள்தான், அவளால் வைக்க முடியாது என்பதால் லூர்தே வைத்தான். அன்று வெகுநேரம் காதில் ஓதினான். அவன் அப்பா வேலையில் இருந்தார். நான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்க ஆளில்லை. "இன்னாடா கேட்ட?" என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. பையன்கள் வேறு என்ன கேட்கப் போகிறார்கள் என்று ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. கொழுப்பைப் பார் என்று நான் நினைத்தேன்.

ஜூலை மாதம் செசிலிக்குச் சளி பிடித்தது. இரண்டே நாளில் நிமோனியாவாகிவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். லூர்து அஞ்சலை அக்கா வீட்டில் இருந்தான். நாங்கள் செய்யாத ஜெபம் இல்லை. வில்லியனூர் மாதா கோவிலில் என் நாத்தனார் முழங்காலில் கிடந்தாள். அஞ்சலை அக்கா அவர் சாமிக்கு விளக்குப் போட்டார். லூர்தையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் தெருவில் எல்லாரும் வேண்டினார்கள். டாக்டர்களும் நர்சுகளும் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். பத்தாம் நாள் காலையில் என் மடியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது. ஒன்பது மாதம்தான் எங்களோடு இருந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஆண்டவருக்குப் பிடிச்சுப்போச்சு, அவரே எடுத்துக்கிட்டாரு என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். லூர்து கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து, "பாப்பா எங்கம்மா?" என்றான். நானும் அதையே சொன்னேன். "பாப்பாவ இயேசு பாலன் எடுத்துக்கிட்டாருடா." அவன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். துக்கம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவன் கேட்பதையே நிறுத்தினான்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். "ஏம்மா, வூட்ல புள்ளய ரொம்ப மிரட்டுறீங்களா? பாத்ரூம் போவணும்னாகூட கேக்க மாட்றான். டிரவுசர்லயே போயிடுறான்" என்றார் டீச்சர். செப்டம்பரில் ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தான். அன்று நான் அவனுக்குச் சாப்பாடு வைக்கவே மறந்திருந்தேன். பசிக்குது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். வீட்டு ஜெபத்தில் வாயை இறுக மூடிக்கொள்வான். ஒருநாள் ஆத்திரத்தில் தையல் ஸ்கேலை எடுத்து அடித்துவிட்டேன். அடிக்காதேம்மா என்றுகூட அவன் கேட்கவில்லை. அன்று நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும்.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று செசிலியின் குழிமேட்டுக்குப் பூ வைக்கப் போனோம். லூர்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தூரத்திலேயே நின்றான்.

எனக்கு அப்போது ஆண்டவர்மேல் கோபம். செசிலிக்காகக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுபோனவள் நான். இனி இவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றிருந்தேன். ஆனால் பிள்ளை தேய்ந்துகொண்டே போனான். அவன் சட்டையை நான்தானே தைக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஓரத்தைப் பிடித்துச் சின்னதாக்கித் தைக்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை மாதா கோவில் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். "தாயே, பெரிசாக எதுவும் வேண்டாம். என் பிள்ளை ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். எதுவாக இருந்தாலும் சரி" என்றேன். அதற்கு மேல் ஜெபிக்கத் தெம்பில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் வந்தது. குடில் வேண்டாம் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். பாதி மாதம் ஆன பிறகு அஞ்சலை அக்கா மண்கூடையோடு வாசலில் வந்து நின்றார்.

"யாருக்காக்கா குடிலு? எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"இன்னாடி இப்புடி சொல்ற? இருக்கிற புள்ளைக்குப் போடு. என் வூட்ல ஒம்போது நாளு இருந்தான். இன்னாடா வேணும்னா பொரி வேணும், முறுக்கு வேணும்னு வாய் ஓயாம கேட்டான். அந்தப் புள்ள இப்ப எங்கடி போச்சி?"

கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பீடத்திலிருந்து இயேசு பாலன் இருந்த பெட்டியை இறக்கித் திறந்தேன். துணியைப் பிரித்தேன். சொரூபத்தின் இரண்டு காதிலும் சிவப்புக் களிமண். பள்ளிக்கூடத்தில் பொம்மை செய்யக் கொடுக்கிற மண். கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் அழுத்தி அடைத்திருந்தது.

"யாருடா இந்த வேலயப் பண்ணது?" என்று கத்தினேன். அப்போதுதான் அவன் அப்பா வேலை முடிந்து உள்ளே நுழைந்தார். லூர்து சமையல்கட்டு வாசலில் நின்றான்.

"அவரு காதுல எதுவும் வுழக்கூடாதும்மா" என்றான்.

"ஏன்டா?"

"நான் சொன்னது வுழுந்துடுச்சி. பாப்பாவ நீங்களே எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். எனக்கு அம்மா வேணும்னு சொன்னேன். சைக்கிளும் லேட்டாதானம்மா வந்துது? இதுவும் லேட்டா நடந்துடுச்சி."

அப்படியே தரையில் உட்கார்ந்து அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். ஐந்து மாதம். தங்கச்சியைக் கொன்றவன் நான்தான் என்று இந்தச் சின்ன நெஞ்சு ஐந்து மாதம் தனியாகச் சுமந்திருக்கிறது. எதைக் கேட்டாலும் என்ன ஆகுமோ என்று பயந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் இருந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்தவள் நான். எடுத்துக்கொண்டார் என்று சொல்லி உறுதிப்படுத்தியவளும் நான்.

அவன் அப்பா பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். "சைக்கிள் நான் வாங்குனதுடா. லைட்டு சரிபண்றாப்பல நின்னு நீ சொன்னத ஒட்டுக்கேட்டேன்" என்றார்.

லூர்து அவரை விட்டு என் பக்கம் திரும்பினான். "எல்லாரும் பாப்பா நல்லாவணும்னு கேட்டீங்களே. அது அவரு காதுல வுழலியா?"

"வுழுந்துதுடா" என்றேன்.

"அப்பறம் ஏன் குடுக்கல?"

இத்தனை வருடம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். "தெரியலடா கண்ணு. அம்மாவுக்கு நெஜமாவே தெரியல. ஆனா நீ சொன்னதுக்காக எடுக்கல. பாப்பாவுக்கு நெஞ்சு பொறக்கும்போதே நல்லால்ல. அது உன்னாலயும் இல்ல, என்னாலயும் இல்ல. நீ அம்மா வேணும்னு கேட்டதுல தப்பே இல்லடா" என்றேன். மூன்று பேரும் அழுதோம். செசிலிக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு ஊக்கை எடுத்து அந்தக் களிமண்ணைச் சுரண்டினேன். சொரூபம் ஆடாமல் லூர்து பிடித்துக்கொண்டான். இடது காதின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு இன்னும் போகவில்லை.

நேரமாகிவிட்டதே என்று தோசை ஊற்றினேன். அவன் தட்டில் இரண்டு வைத்தேன். சாப்பிட்டு முடித்தான். வழக்கம்போல் எழுந்து போய்விடுவான் என்று நான் அடுப்பை அணைக்கத் திரும்பினேன்.

"அம்மா, இன்னொரு தோச வேணும்."

மாவுச் சட்டியில் வழித்தால் ஒன்றுக்குத்தான் வரும். வழித்தேன். அது தோசையாகவே வரவில்லை, ஒரு பக்கம் கருகியும் போனது. அதை நான் பார்த்துக்கொண்டே இருக்க முழுசும் சாப்பிட்டான். குளத்துப் படியில் உட்கார்ந்து நான் கேட்டது இவ்வளவுதான். மாதா வாங்கிக் கொடுத்துவிட்டாள். மூன்று நாளில் டீச்சர் போன் பண்ணி, "இன்னிக்கு கைய தூக்கி தண்ணி கேட்டாம்மா" என்றார்.

காதில் ஓதுகிற வழக்கத்தை அன்றோடு விட்டோம். ஆண்டவரிடம் கேட்பதை எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகக் கேட்கிறோம். கேட்டது கிடைக்காவிட்டால் அதையும் சேர்ந்து பேசிக்கொள்கிறோம். இப்போது லூர்துக்கு ஏழு வயது. பரோட்டா வேண்டும், பட்டம் வேண்டும் என்று நச்சரிக்கிறான். எனக்கு வாய் நீளம், திட்டத்தான் செய்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் திட்டுகிறேன். இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சாவு வீட்டில் ஆறுதல் சொல்லும் முன், கதவோரம் பிள்ளை நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர்களுக்காகச் சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் பரவாயில்லை. நான் அப்படித்தான் கேட்டேன்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு நெல் நேரம் கழித்து விதைத்ததால் விரல் உயரம்தான் வளர்ந்திருந்தது. வீட்டில் சின்னவன் மறுபடியும் லூர்துதான். நான் வைக்க மாட்டேன் என்பானோ என்று எனக்குப் பயம். அவன் இயேசு பாலனை எடுத்து வைக்கோலில் படுக்கவைத்தான். காதுக்குக் கிட்டே குனியவில்லை. நிமிர்ந்து நின்று, நாங்கள் கேட்கச் சத்தமாகவே சொன்னான்.

"பாப்பா அழுவா. தோள்ல போட்டுக்கினு நடங்க. உக்காந்துடாதீங்க, முழிச்சிக்குவா."

அவன் அப்பா சீரியல் லைட் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஆமென் என்றேன். அன்றிலிருந்து நான் நம்புவது இதைத்தான். என் செசிலியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் உட்காராமல் நடந்துகொண்டிருக்கிறார்.