கிடங்குச் சுவரும் லண்டன் ஒலிம்பிக்கும்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலைக் கிடங்கின் பின்சுவரில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெயின்டனன்ஸ் பிரிவினர் நாங்கள் பந்தாடுவோம். பூப்பந்து மட்டையும் ரப்பர் பந்தும் போதும். ஒருவர் சுவரில் அடிக்க, திரும்பி வரும் பந்து தரையில் இரண்டாம் முறை குதிப்பதற்குள் மற்றவர் அடிக்க வேண்டும். எங்களில் கெட்டிக்காரர் ஒரு பிட்டர். ஆண்டு விளையாட்டு விழாவில் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் பரிசு உண்டு, இந்த ஆட்டத்துக்குக் கிடையாது. ஒருமுறையாவது அந்த மேடையில் ஏறிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

விழாவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்கு, இரண்டு பிரிவுகளாவது ஆடினால்தான் முடியும் என்றார் எச்.ஆர். மேடம்.

அன்று மணவாள நகருக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில், இந்த ஆட்டம் வேறெங்காவது உண்டா என்று கைபேசியில் தேடினேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ராக்கெட்ஸ் என்றொரு பழைய சுவர்ப்பந்தாட்டம் இருந்திருக்கிறது. ஆடிய அத்தனை பேரும் பிரிட்டன்காரர்கள். ஒற்றையர் இறுதிப் போட்டியில் ஒருவர் காயம்பட்டு விலகியதால், மற்றவருக்கு ஆடாமலே தங்கம் கிடைத்திருக்கிறது.

பக்கத்து சீட்டிலிருந்த பிட்டரிடம் காட்டினேன்.

"இன்னா சார் இது, ஊட்டுக்குள்ளயே ஆடி ஊட்டுக்குள்ளயே மெடல் குடுத்துக்கினாங்களா? அப்ப நம்மள மட்டும் எதுக்கு பேஜார் பண்றாங்க?"

மறுநாள் இருவரும் மேடத்திடம் போய் விவரத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கப்புறம் எந்தெந்த ஒலிம்பிக்ல சார் இருந்துச்சு?" என்றார்.

"அந்த ஒரு தடவதான் மேடம்."

"ஏன்னு உங்களுக்கே புரியுது இல்ல?"

வேறு வழியில்லாமல் பிரிவு பிரிவாகப் போய்க் கேட்டோம். ஸ்டோர்ஸில் யாருக்கும் நேரமில்லை. பேக்கிங் பிரிவில், செவ்வாப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண்மணி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே பிட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கள கூப்புட இவ்ளோ நாளாச்சாண்ணே? அந்த ஜன்னல்லேர்ந்து தெனம் பாத்துக்கினுதான் இருக்கோம். நீங்க எப்பவும் எடது மூலைய உட்டுடுறீங்க."

"எல்லாம் பாக்க ஈசிதாம்மா" என்றார் பிட்டர். பெயர் கொடுக்க ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவருக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.

ஆட்டம் விழாவில் சேர்ந்தது. இறுதிப் போட்டியில் பிட்டரும் பேக்கிங் பெண்மணியும் மோதினார்கள். அந்தப் பெண்மணி பந்தை விடாமல் இடது மூலைக்கே அனுப்பினார். பிட்டர் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். ஆனாலும் இரண்டாம் பரிசுக்காரரும் மேடை ஏற வேண்டும் அல்லவா? போட்டோ எடுப்பவர் போதும் என்று சொல்லும்வரை அவர் மேடையை விட்டு இறங்கவில்லை.

இறங்கியதும் அந்தப் பெண்மணியிடம் கேட்டார்: "நாளைக்கி லஞ்சுல வரீங்களாம்மா?"

"வரேண்ணே. கப்பையும் எடுத்துக்கினு வரட்டா?"