எடுத்து வைத்த ஊசிகள்

கிழக்குத் தாம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்மசிஸ்டும் நானே. சுவரில் என் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கே எரிச்சல் வருகிறது.

அந்த மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு ஃப்ளூ காய்ச்சல். தடுப்பூசி கேட்டு ஆள் மேல் ஆள். ஏஜென்சியில் நான் கேட்டதில் பாதிகூட வரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் போனில் "ஒண்ணு எடுத்து வைங்க" என்பார். பெயரெழுதிய சீட்டை ரப்பர் பேண்டில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம். மற்ற நாளில் அதில் தப்பே இல்லை. பற்றாக்குறையிலும் நான் அதையேதான் செய்தேன். மிச்சமிருந்த நான்கு ஊசியும் கடைக் கட்டடத்தின் ஓனர் வீட்டுக்கு.

அன்று பார்த்து பெரும்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் டாக்டர் சீட்டு, கூடையில் ஐஸ் போட்ட பிளாஸ்க்.

"வூட்டுக்காரருக்கு டயாலிசிஸ் பண்ணிகினு கீறோம் சார். இந்தக் காய்ச்சல் வந்தா தாங்க மாட்டாரு, மொதல்ல ஊசி போட்டுடுன்னாரு டாக்டரு. மேடவாக்கத்துலேர்ந்து கடை கடையா கேட்டுகினே வர்றேன். உங்களாண்ட கீதா?"

"ஸ்டாக் இல்லம்மா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! ஓனர் வீட்டு நால்வரும் தினமும் ஷட்டில் ஆடுகிறவர்கள். யாருக்கு முதலில் தேவை என்று தெரிந்துகொள்ளப் படிப்பே வேண்டாம். சீச்சீ, ஓனர் என்னை மிரட்டக்கூட இல்லை. கடையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று நானாகவே பயந்தேன்.

"எப்ப சார் வரும்?"

"வெள்ளிக்கிழமை கேட்டுப் பாருங்க." வாயில் வந்த கிழமையைச் சொன்னேன்.

வியாழக்கிழமை ஓனர் போன் செய்தார். "பொண்ணு அபார்ட்மென்ட்ல கேம்ப் வச்சாங்க, அங்கயே போட்டுக்கிட்டோம். அதை வேற யாருக்காவது குடுத்துடுங்க." அவ்வளவுதான். யாருக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாவின் நம்பரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே அவர் நின்றிருந்தார்.

"வந்துடுச்சும்மா," என்றேன். அப்போதும் உண்மை சொல்ல வாய் வரவில்லை.

"நேத்துலேர்ந்து அவருக்கு ஜுரம் சார். ஆஸ்பத்திரில சேர்த்துக்கீறோம். ஜுரம் வுட்டாதான் ஊசி போடலாமாம். எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறீங்களா? சொன்ன மாதிரியே வாங்கி வச்சிட்டீங்க, நல்லா இருப்பீங்க சார்."

தலையை ஆட்டி, இந்த முறை நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

மூன்று ஊசி அன்றே போய்விட்டது. நான்காவதில் அவர் பெயரையும் நம்பரையும் எழுதி வைத்தேன். அதன்பிறகு புது ஸ்டாக் வந்து, ஊரில் காய்ச்சலும் ஓய்ந்தது. இரண்டு மாதமாகிறது, அவர் வரவில்லை. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். தினமும் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த நம்பரைப் பார்க்கிறேன். அவர் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.