எட்டுச் சொட்டும் ஒரு கப்பலும்

வாய் சொல்லும் பொய்யைச் சிறுநீர் சொல்லாது என்று தெரிந்துகொண்டு, அதை மனம் நோகாமல் அந்த ஆளிடமே எடுத்துச் சொல்லும் வேலைக்குத்தான் கம்பவுண்டர் வேலை என்று பெயர். அறுபதுகளில் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பக்கம் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் அந்த வேலையைப் பார்த்தேன். டாக்டர் ஒருவர், நான் ஒருவன், ஸ்பிரிட் விளக்கு ஒன்று. இதைப் படிக்கும்போது உங்கள் பக்கத்தில் சர்க்கரை போடாத காபி ஆறிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. தைரியமாக மேலே படியுங்கள்.

செங்கல்

அந்தக் காலத்தில் சர்க்கரை பார்ப்பது கிட்டத்தட்ட ஒரு சமையல். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் கவலை இல்லை. பச்சை என்றால் லேசாக இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் ஆபத்து. எட்டு என்றால் எட்டுதான். ஒன்பதாவது சொட்டு என் கையிலிருந்து ஒரு நாளும் விழுந்ததில்லை என்று இப்போதும் மார்தட்டுவேன்.

அந்தோணி மிஸ்திரி தூத்துக்குடிக்காரர். சாத்தம் மர ஆலையில் ரம்பங்களுக்குப் பல் தீட்டுகிறவர். உள்ளங்காலில் மரச் சிராய் குத்தி, இரண்டு மாதமாகப் புண் ஆறாமல் விடுப்பில் இருந்தார். டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்: சர்க்கரை இறங்காவிட்டால் புண் மூடாது. மூடாவிட்டால் கப்பலேற்றி மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். அங்கே காலையே எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள். அவரோ நின்றுகொண்டே பார்க்கிற வேலையில் இருப்பவர்.

அவருடைய குழாய் அசல் செங்கல் நிறத்துக்கு வந்தது. மனுஷர் ஆடிப்போய்விடுவார் என்று தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏ அப்பா, ஒரு வீடே கட்டிரலாம் போலயே கம்பவுண்டரே! கொஞ்சம் சுண்ணாம்பும் சேத்துக் குடுங்க."

சாஃப் பாட்டில்

சோதனைக்கு எதில் கொண்டுவர வேண்டும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அது என் தப்பு. தைல பாட்டில், ரம் பாட்டில், ஒரு தடவை மூடி போட்ட கூஜா என்று எல்லாவற்றிலும் வந்து சேரும். டாலிகஞ்சிலிருந்து ஒரு கான்டிராக்டர் கொண்டுவந்தது மட்டும் ரொம்பவும் அழகான பாட்டில். சோதித்ததில் மிஸ்திரியுடையதைவிடச் செக்கச்செவேல் என்று வந்தது. பாவம், மனுஷர் சோற்றைக் குறைத்து, இனிப்பை விட்டு, பத்தே நாளில் பாதியாக இளைத்துப் போனார். அப்போதும் அதே சிவப்பு.

கடைசியில் டாக்டர், பாட்டிலைக் கழுவினாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கான்டிராக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "கழுவ எதுக்குய்யா? பில்குல் சாஃப், படு சுத்தமான பாட்டில். ரெண்டு தடவையும் சர்பத்தைக் காலி பண்ணிட்டு அப்படியே நேரா கொண்டு வந்தேன்!"

ஊர்ச் சாமான்

மிஸ்திரி கதைக்கு வருவோம். ஒரு மாதம் சர்க்கரையே தொடவில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தார். குழாயோ ஆரஞ்சைவிட்டு இறங்க மாட்டேன் என்றது. சத்தியத்தை நம்புவதா, என் எட்டுச் சொட்டை நம்புவதா என்று எனக்கே குழப்பம். அடுத்த முறை அவர் மனைவி ரோசம்மாளும் கூட வந்தார். ஒல்லியான அம்மாள், கண் மட்டும் எதையும் தப்பவிடாது. டீக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். கருப்பட்டி என்றார். ஊரிலிருந்து ஓலைக்கொட்டானில் வந்த கருப்பட்டி. உடம்புக்கு நல்லதாயிற்றே என்று இரண்டு பங்காகப் போட்டிருக்கிறார்.

அதில் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லி, நான் தட்டி, அதிலிருந்து ஒரு துளி கரைத்து, நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்துக் காட்டினேன். அதுவும் அந்த அம்மாள் கண் எதிரிலேயே சிவந்தது. ரோசம்மாள் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சீனி கெடுதல்னா அது கடைச் சாமான். இது எங்க ஊர்ப் பனையில வடிச்சதுய்யா. இதுகூடவா எங்களுக்கு எதிரா சாட்சி சொல்லும்?"

மூன்று கரண்டி மரியாதை

புண்ணுக்குக் கட்டுப்போட நான் வாரம் ஒரு நாள் அவர் வீட்டுக்கே போவேன். கருப்பட்டியை விட்ட பிறகும் குழாய் ஏன் இறங்கவில்லை என்பது அங்கே போனால்தான் புரிந்தது. அந்த வரிசை வீடுகளில் வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லாரும் இருந்தார்கள். யார் யார் வீட்டுக்குப் போனாலும் டீ உண்டு. டீ என்றால் மூன்று கரண்டி சர்க்கரை. இரண்டு போட்டால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். வெளியில் போக முடியாத மிஸ்திரியைப் பார்க்க ஊரே வரும், வந்தவர்களுக்கு டீ வரும், துணைக்கு அவரும் ஒரு கிளாஸ் குடிப்பார். எல்லாவற்றையும் பார்த்து மனம் கொதித்தேன். கொதித்துக்கொண்டே எனக்கு வந்த டீயையும் குடித்தேன்.

வீட்டில் சர்க்கரை டப்பாவே இருக்கக் கூடாது என்று கடைசியில் சொல்லியே விட்டேன். கண் கலங்கிவிட்டது ரோசம்மாளுக்கு. "சொந்தக்காரங்க எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்காவ. இங்க இருக்கது இவங்கதான். வர்றவங்க மூஞ்சிக்கு நேரா வெறும் கசாயத்தை நீட்டச் சொல்லுதியளா?"

என் சொற்பொழிவு

திரும்பி வந்த கையோடு டிஸ்பென்சரி வாசலில் சொற்பொழிவு ஆரம்பித்தேன். சீட்டு வாங்க நிற்கிறவர்களிடம் அவித்த கடலை, கொய்யாக்காய், மோர், மீன் என்று ஒவ்வொன்றின் பெருமையையும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் முழங்கினேன். மூன்றாவது வாரம் அதிசயம் நடந்தது. வரிசையாகக் குழாய்கள் இறங்கின. ஆரஞ்சு மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. மிஸ்திரியின் குழாய் நீலமாகவே நின்றது. புண்ணின் ஓரத்தில் புதுச் சதை தெரிந்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அத்தனை குழாய்களையும் தாங்கியில் அடுக்கி எடுத்துப்போய் டாக்டர் மேஜைமேல் வைத்தேன். என் பேச்சின் பலன் என்றேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மழையால கப்பல் வராம மாசம் ஒண்ணாச்சு ஓய். கடை கடையா ஏறி இறங்கியும் என் வீட்டுக்கே ஒரு கரண்டி சர்க்கரை கிடைக்கலை. உம்ம பேச்சு என்ன செய்யும்?"

வந்த கப்பல்

டாக்டர் சொன்னதுதான் சரியாயிற்று. கப்பல் சங்கு ஊதிக்கொண்டு சாத்தத்துக்கு வந்தது. மூட்டைகள் இறங்கின. மறுநாளே என் குழாய்கள் எல்லாம் பழையபடி மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஏறிவிட்டன. மிஸ்திரியின் குழாய் மட்டும் நீலம். நான் நம்பவில்லை. தண்ணீரைக் கலந்து கொடுத்துவிட்டாரோ என்று மறுபடி சோதித்தேன். மறுபடியும் நீலம். அன்றைக்கே நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

வீட்டில் விருந்தாளி. மிஸ்திரியின் தம்பி, தூத்துக்குடியிலிருந்து அந்தக் கப்பலில் வந்தவர். டிரங்குப் பெட்டிகூட இன்னும் பிரிக்கவில்லை. கொண்டுவந்த மக்ரூன் இனிப்புப் பொட்டலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போய்விட்டிருந்தது. ரோசம்மாள் எங்கள் மூவருக்கும் சுக்குத் தட்டிப் போட்ட, பால் விடாத கட்டன் டீயும், கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சில்லும் கொண்டுவந்து வைத்தார். சொந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொய்யாவோடு வாசலில் நின்றார்கள். மிஸ்திரி ஒரு வாய் டீ, ஒரு கடி தேங்காய் என்று குடித்துக்கொண்டிருந்தார்.

தம்பி ஒரு வாய் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்தே ரோசம்மாள் முந்திக்கொண்டார்: கப்பல் வரவில்லை, சீனி இல்லை. இந்தத் தீவில் எது இல்லை என்றாலும் அந்த ஒரு காரணத்தைச் சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தம்பி பதறிப்போனார். "மதினி, அந்தக் கப்பல்லதானே நானே வந்து இறங்குனேன்!" என்றார். அந்த அம்மாள் அவர் கிளாஸில் இன்னும் கொஞ்சம் டீயை ஊற்றினார். "நீங்க வந்துட்டிய தம்பி, சந்தோசம். ஆனா உங்க அண்ணன் கால் ஆறுற வரைக்கும் இந்த வீட்டுக்குக் கப்பல் வராது."

இரண்டு கால்

மூன்றே மாதம். புண் மூடியது. மெட்ராஸ் பேச்சை டாக்டர் அப்புறம் எடுக்கவே இல்லை. மிஸ்திரி செருப்புப் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தே வந்தார். குழாயில் எட்டுச் சொட்டை வாய்விட்டு எண்ணி விட்டுக் கொதிக்க வைத்தேன். அந்தமான் கடல் மாதிரி நீலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்நாளில் எத்தனையோ மருந்து கலக்கியிருக்கிறேன், அன்றைக்குப் பட்ட பெருமையை வேறு எதிலும் படவில்லை. அதில் முக்கால் பங்கு ரோசம்மாளுக்குச் சேர வேண்டியது. கால் ஆறிய பிறகும் அந்த அம்மாள் கப்பலை வீட்டுப் பக்கம் விடவில்லை. அந்த வரிசையில் இன்னும் நாலைந்து வீடுகளிலும் அதே பதிலைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை.

மிஸ்திரி இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஒருமுறை ஓங்கி மிதித்துக் காட்டினார். "எண்ணிப் பாத்துக்கிடுங்க கம்பவுண்டரே. உங்க எட்டுச் சொட்டு மாதிரி இதுவும் கணக்கு சரியா ரெண்டு!"

இவ்வளவு பெருமையான கதையை அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னது நான் செய்த தப்பு; கப்பல்துறைக்குக் கூப்பிடு தூரத்தில் இத்தனை வருஷம் குடியிருந்தும், என் வீட்டுக்கு மட்டும் இன்றுவரை ஒரு கப்பலும் வந்து சேரவில்லை.