திரும்பத் திரும்ப வந்த அரிப்பு

சுனாமிக்குப் பிறகு நாங்கள் தீவில், ஜங்லிகாட் என்ற பகுதியில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வேலை. அந்த மழைக்காலத்தில் உள்ளாடைகள் காயவே இல்லை. ஈரத்தோடு உடுத்திக்கொண்டு திரிந்தேன். பிறப்புறுப்பில் அரிப்பு தொடங்கியது. திரிந்த பால் போல வெள்ளைப்பட்டது. சிறுநீர் கழித்தால் எரிந்தது.

மருந்துக் கடையில் ஆண்கள் நின்றார்கள். அவர்கள் போகும்வரை பக்கத்துப் பாத்திரக் கடையில் குண்டானுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மருந்துக் கடைக்காரரிடம், "லேடீஸ் பிராப்ளம்" என்று மட்டும் சொல்லிக் களிம்பு வாங்கினேன். அரிப்பு அடங்கியதும் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. சுத்தம் போதவில்லை என்று நினைத்து, கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளேயும் கழுவினேன். எரிச்சல்தான் கூடியது.

மூன்றாம் முறை வந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. என் சித்தி கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தவள். கணவர் அருகில் வந்தாலே விலகினேன்.

"எம்மேல கோவமா?" என்றார்.

அழுதுகொண்டே சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எங்கிட்ட இருந்து வந்துச்சுன்னு நெனைக்கியா?"

அந்தச் சந்தேகமும் எனக்கு இருந்தது. அவரே, "காலைல ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரெண்டு பேரையும் பாக்கட்டும்" என்றார்.

டாக்டர் ஒரு வங்காளிப் பெண். பரிசோதித்து, பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்தார். "கேன்சர் ஹை க்யா?" புற்றுநோயா என்று கேட்டேன்.

"நஹி, நஹி. ஃபங்கஸ் ஹை." இல்லை, வெறும் பூஞ்சைத் தொற்று என்றார்.

கணவர் மீது தப்பில்லை, இது அப்படி வருவதில்லை என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். உள்ளே கழுவவே வேண்டாம், உடம்பே அதைப் பார்த்துக்கொள்ளும். காய்ந்த பருத்தித் துணி போடு. அரிப்பு நின்றாலும் மருந்தை முடி என்றார். கிளம்ப எழுந்தபோது, "பார் பார் ஆதா ஹை?" திரும்பத் திரும்ப வருகிறதா என்று கேட்டார். சர்க்கரை கூடினாலும் இப்படி வரும் என்று ரத்தம் எடுக்க அனுப்பினார்.

சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. வெளியே காத்திருந்த கணவர், "ஒனக்கா? இந்த வயசுலயா?" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்தது.

சர்க்கரைக்கும் மாத்திரை தொடங்கினேன். சர்க்கரை இறங்கிய பிறகுதான் அரிப்பு விட்டது. அடுத்த மழைக்கு ஒருமுறை தலைகாட்டியது. அப்போது கடைக்குப் போகவில்லை, நேராக டாக்டரிடம் போனேன். இன்றும் லேசாக அரித்தால் நெஞ்சு பக்கென்கிறது.